மாறியது விண்மீனின் சுற்றா, நம் கடிகாரமா?

2017 ஜனவரியில் வானியலில் அபூர்வமான ஓர் அறிவிப்பு வந்தது. அன்னப்பறவைக் கூட்டத்தில் இருக்கும் கேஐசி 9832227 என்கிற, ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீனின் சுற்றுக்காலம் வேகமாகக் குறைந்துவருகிறது, 2022 வாக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்து வெடிக்கும், அப்போது அது வெறுங்கண்ணுக்கே தெரியும் என்று அமெரிக்காவின் கால்வின் கல்லூரியைச் சேர்ந்த லாரி மோல்னரின் குழு சொன்னது. ஒரு விண்மீன் வெடிக்கப்போகும் ஆண்டை முன்கூட்டியே குறித்துக் கொடுத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? 2018இல் அந்தக் கணிப்பு கைவிடப்பட்டது. பழைய கட்டுரை ஒன்றில் ஒரு கிரகண நேரம், அதாவது ஒரு விண்மீன் மற்றதை மறைத்து ஒளி மங்கும் நேரம், சரியாக 12 மணி நேரம் தவறி அச்சாகியிருந்தது தெரியவந்தது. 2022 வந்தது, போனது. அந்த இரட்டை அதே 11 மணி நேரச் சுற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை ஒரு எழுத்துப்பிழைக் கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சுற்றுக்காலம் மாறுகிறது என்று சொல்லும் ஒவ்வொரு வரைபடத்துக்குள்ளும் இதே பள்ளம் இருக்கிறது: மாறியது விண்மீனா, நாம் குறித்த நேரமா என்று தெரியாமல் விழுகிற பள்ளம். கும்பகோணத்து மொட்டைமாடியிலோ, வேதாரண்யம் உப்பளத்துப் பக்கத்திலோ கேமராவை முக்காலியில் வைத்து ஒரு கிரகணத்தை அளக்கிற எவரும் மூன்றாவது விண்மீன், பொருள் கைமாற்றம், காந்தச் சுழற்சி எல்லாவற்றையும் படிப்பதற்கு முன்னால் இந்தப் பள்ளத்தைப் பார்த்துவைக்க வேண்டும் என்பது என் கருத்து. நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்ய ஆட்கள் கூடிவருகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கண்டது கழித்தல் கணித்தது

மேட்டூரில் ஜூன் 12 அன்று மதகு தூக்கினால் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாட்களாகும். அங்கிருந்து கடைமடைக்கு இன்னும் சில நாட்கள். கடைமடை விவசாயிக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள்தான் தெரியும். அதை வைத்து மேட்டூரில் மதகு தூக்கிய நாளைச் சொல்ல வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் தூரத்தைக் கழிக்க வேண்டும். தண்ணீர் இந்த வருஷம் இரண்டு நாள் பிந்தி வந்தால் மதகைப் பிந்தித் தூக்கினார்களா, வழியில் வாய்க்கால் நீண்டுவிட்டதா, அல்லது நம் வீட்டு நாட்காட்டியே தவறா என்று மூன்று கேள்விகள் எழும். இரட்டை விண்மீன்களை நேரம் பார்ப்பவர்களுக்கும் கேள்விகள் இந்த மூன்றேதான்.

கிரகணத்தின் நடு நேரத்தைக் கண்டுபிடிக்கிறோம். ஒரு தொடக்க நேரத்தோடு, சுற்றுக்காலத்தைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் அது வந்திருக்க வேண்டிய நேரம் கிடைக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதுதான் ஓ மைனஸ் சி, கண்டது கழித்தல் கணித்தது. சுற்று எண்ணிக்கையை அடியிலும் இந்த வித்தியாசத்தைப் பக்கத்திலும் வைத்துப் புள்ளியிட்டால் படம் பேசும். புள்ளிகள் படுக்கைக்கோட்டில் நின்றால் எல்லாம் சரி. சாய்ந்த நேர்கோடாகப் போனால் சுற்றுக்காலம் மாறவில்லை, நாம் எடுத்துக்கொண்ட மதிப்புதான் தவறு. இதை மாற்றம் என்று எழுதிவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிண்ணம்போல் மேல்நோக்கி வளைந்தால் காலம் சீராகக் கூடுகிறது, கவிழ்த்த கிண்ணம் என்றால் குறைகிறது. அலைபோல் ஏறி இறங்கினால்தான் விவாதமே தொடங்கும்.

இந்தக் கணக்கில் யாரும் கவனிக்காத உறுப்பு சுற்று எண்ணிக்கை. அது முழு எண். நாம் ஒவ்வொரு சுற்றையும் பார்ப்பதில்லை, நடுவில் எத்தனை ஓடியது என்று வகுத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். 11 மணி நேரச் சுற்றுள்ள இரட்டை ஆண்டுக்கு 797 முறை சுற்றும். சுற்றுக்காலத்தில் ஒரே ஒரு விநாடி பிழை இருந்தால் ஆண்டுக்கு 797 விநாடி, அதாவது 13 நிமிடம் சேரும். சுமார் 25 ஆண்டில் அது அரைச் சுற்றைத் தொட்டுவிடும். அதன் பிறகு எந்தக் கிரகணம் எத்தனையாவது என்று சொல்லவே முடியாது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே சுற்றும் ஒட்டு இரட்டைகளில் சங்கடம் இன்னும் அதிகம். ஒரு சுற்றில் வரும் இரண்டு கிரகணங்களும், முதன்மையும் துணையும், ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருப்பதால் அரைச் சுற்றை முழுச் சுற்றென்று எடுத்துக்கொள்வது எளிதில் நடக்கும்.

வாய்மடை திறந்த விண்மீன்

உண்மையாகவே மாறுகிற ஒன்றை முதலில் பார்த்துவிடுவது நல்லது. ஆனி, ஆடி மாதத்து இரவுகளில் அபிஜித் (வேகா) தலைக்கு வடக்கே உயரத்தில் நிற்கும். அதன் பக்கத்திலேயே இருக்கிறது பீட்டா லைரே. 1784இல் ஜான் குட்ரிக் என்ற காது கேளாத இளைஞர் இதன் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அல்கோல் என்ற இன்னோர் இரட்டையின் ஒளிமாற்றம் ஒழுங்கான கால இடைவெளியில் நடக்கிறது என்று காட்டி அதற்கு முந்தைய ஆண்டே ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் வாங்கியவர். 21 வயதில் இறந்துபோனார். பீட்டா லைரேயின் சுற்றுக்காலம் இன்று 12.94 நாள். அது ஆண்டுக்குச் சுமார் 19 விநாடி கூடிக்கொண்டே இருக்கிறது.

ஏன் கூடுகிறது? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயல், நடுவில் ஒரு வரப்பு. வரப்பில் எந்த இடம் தாழ்வோ அங்கே வாய்மடை. ஒரு வயலில் நீர்மட்டம் அந்த வாய்மடை வரை ஏறிவிட்டால் மேற்கொண்டு வரும் தண்ணீர் பக்கத்து வயலுக்குத்தான் போகும். இரட்டை விண்மீன்களில் அந்த வரப்பை ஈர்ப்பும் சுழற்சியும் சேர்ந்து போடுகின்றன. விண்மீன் முதுமையில் ஊதிப் பெருத்து அந்த மட்டத்தைத் தொட்டதும் அதன் வாயு துணையை நோக்கி வழிகிறது. பீட்டா லைரேயில் கொடுக்கிற விண்மீனின் நிறை சூரியனைப்போல் 3 மடங்கு, வாங்குகிறதன் நிறை 13 மடங்கு. வாங்குகிற விண்மீன் தடித்த வாயுத் தட்டுக்குள் மறைந்திருப்பதால் நேரடியாகக் கண்ணில் படுவதே இல்லை.

இங்கே ஒரு விதி மனதில் நிற்க வேண்டும். இளைத்தது கொடுத்துக் கொழுத்தது வாங்கினால் இடைவெளி கூடும், சுற்றுக்காலம் நீளும். கொழுத்தது கொடுத்தால் இடைவெளி குறையும், காலம் சுருங்கும். பொருள் எதுவும் வெளியே சிதறாமல், சுழல் உந்தம் இரண்டுக்குள்ளேயே நின்றால் இது கணக்காகவே வரும். பீட்டா லைரேயின் 19 விநாடியை அந்தச் சமன்பாட்டில் போட்டால் ஆண்டுக்குச் சூரிய நிறையில் ஏறத்தாழ லட்சத்தில் 2 பங்கு கைமாறுகிறது என்று விடை வரும். அல்கோலிலும் இதே கதை முன்பே நடந்து பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது. 0.7 சூரிய நிறையுள்ள சிறியது முதுமையில் பெருத்துக் கிடக்க, 3.2 மடங்குள்ள பெரியது இளமையாக நிற்பதற்கு வேறு விளக்கம் இல்லை. நிறை கூடியதுதான் சீக்கிரம் மூப்படைய வேண்டும், ஆகவே ஒரு காலத்தில் அந்தச் சிறியதுதான் பெரியதாக இருந்திருக்கிறது.

ஆண்டுக்கு 19 விநாடி என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஓ மைனஸ் சி அந்த விநாடிகளைச் சேமித்துவைக்கும் உண்டியல். பீட்டா லைரே ஆண்டுக்கு 28 சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும், சுற்றுக்கு 0.67 விநாடி கூடுகிறது. முதல் ஆண்டு முடிவில் கிரகணம் நாலரை நிமிடம் பிந்தும். பத்தாண்டு முடிவில் பிந்துவது 7 மணி 25 நிமிடம். பிந்தல் ஆண்டுகளின் வர்க்கத்தில் வளர்கிறது, பத்து மடங்கு காலத்துக்கு நூறு மடங்கு. ஆகவே கருவி எதுவும் இல்லாமல், பள்ளிக்கூடத்து மாணவர்கள் காமா லைரேயின் 3.2, ஓமிக்ரான் ஹெர்குலிஸின் 3.8, காப்பா லைரேயின் 4.3 ஆகிய பொலிவெண்களோடு (ஒளியளவைச் சொல்லும் எண், கூடினால் மங்கல்) ஒப்பிட்டு ஒரு பருவத்துக்கு ஐம்பது, அறுபது மதிப்பீடு எடுத்து, எல்லாவற்றையும் 12.94 நாள் கொண்ட ஒரே சுற்றுக்குள் மடித்து வரைந்தாலே பத்தாண்டில் இந்த மாற்றம் கையில் சிக்கும். நம் பக்கத்தில் ஆடியில் மேகம் வந்து வந்து போகும், ஆனாலும் ஒரு கிரகணத்தை முழுவதும் பார்க்க வேண்டிய கட்டாயம் இதில் இல்லை. இரவுக்கு ஒரு மதிப்பீடு போதும். காவிரிப் படுகையின் வானத்துக்கு இதைவிடப் பொருத்தமான விண்மீன் கிடைக்காது.

தூரம் கூடினால் தாமதம்

அலையாக ஏறி இறங்கும் படத்துக்கு முதலில் வரும் விளக்கம் மூன்றாவது ஆள். இரட்டை தனியாக இல்லாமல் இன்னொரு விண்மீனோடு சேர்ந்து பெரிய சுற்று ஒன்றில் போனால், நம்மை விட்டு விலகிப்போகும்போது ஒளி கூடுதல் தூரம் கடந்து பிந்தி வரும், நெருங்கி வரும்போது முந்தும். கிரகணம் நேரம் தவறவே இல்லை, செய்திதான் பிந்துகிறது. அல்கோலுக்கு அப்படி ஒரு மூன்றாவது விண்மீன் உண்டு, சுற்று 680 நாள். பெருநாய்க் கூட்டத்து ஆர் கேனிஸ் மேஜோரிஸிலும் நூறாண்டுக்குச் சற்றுக் குறைந்த அலை ஒன்றை இப்படித்தான் விளக்குகிறார்கள். தை, மாசியில் நமக்கு வசதியான உயரத்தில் நிற்கிற விண்மீன் அது.

ஆனால் இந்த விளக்கம் கைக்கு எளிதாக வருவதால்தான் ஆபத்தானது. ரோகிணிக்குப் பக்கத்திலிருக்கும் வி471 டாரி, 12.5 மணி நேரச் சுற்றுள்ள ஓர் இரட்டை. அதில் ஒன்று வெண்குள்ளன், எரிந்து முடிந்த விண்மீனின் மிச்சம். அதன் ஓ மைனஸ் சி படத்தில் சுமார் 30 ஆண்டு அலை ஒன்று தெரிந்தது. பழுப்புக் குள்ளன் ஒன்று, விண்மீனாகும் அளவுக்கு நிறை இல்லாத பொருள், சுற்றுகிறது என்றார்கள். கணக்கு அழகாகப் பொருந்தியது. 2015இல் சிலியில் உள்ள வெரி லார்ஜ் டெலஸ்கோப்பின் ஸ்ஃபியர் கருவியால் அது இருக்க வேண்டிய இடத்தையே படம் எடுத்துப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. எச்யூ அக்வாரி என்ற இரட்டையை இரண்டு கோள்கள் சுற்றுகின்றன என்று 2011இல் கட்டுரை வந்தது. அந்தப் பாதைகளில் கோள்கள் நிலையாகச் சுற்ற முடியாது என்று அதே ஆண்டு இன்னொரு குழு கணித்துக் காட்டியது.

அலை எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1992இல் ஆப்பிள்கேட் என்ற வானியலாளர் ஒரு வழி சொன்னார். துணை விண்மீனின் காந்தச் சுழற்சி அதன் உள்ளிருக்கும் சுழற்சியை மாற்றி, வடிவத்தை மிகச் சிறிதளவு தட்டையாக்கும். வடிவம் மாறினால் ஈர்ப்பு மாறும், சுற்றுக்காலமும் அசையும். இது எல்லா இரட்டைக்கும் போதுமான ஆற்றலைத் தருமா என்ற விவாதம் தனி. என் நிலைப்பாடு இதுதான்: இரண்டு முழு அலையாவது கண்ணெதிரே முடியாமல் மூன்றாவது ஆள் என்று எழுதக் கூடாது. ஒன்றரை அலையைப் பார்த்துவிட்டுக் கோள் என்று பெயரிட்டவர்களில் பலருக்கு அடுத்த ஐந்தாண்டுப் புள்ளிகள் கைகொடுக்கவில்லை.

விண்மீன் பரப்பிலுள்ள கரும்புள்ளிகளும் ஏமாற்றும். ஒட்டு இரட்டையின் ஒரு பக்கம் பெரிய புள்ளி இருந்தால் ஒளி வளைவு சாய்ந்து, நடு நேரம் முன்னோ பின்னோ நகரும். இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. முதன்மை, துணை இரண்டு கிரகணங்களுக்கும் தனித்தனியாகப் புள்ளியிட வேண்டும். சுற்றுக்காலம் உண்மையில் மாறினால் இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் நகரும். ஒன்று முந்தும்போது மற்றது பிந்தினால் கரும்புள்ளிதான் காரணம் என்று சந்தேகிக்கலாம், அல்லது நீள்வட்டப் பாதை மெல்லத் திரும்புகிறது. ஒய் சிக்னி என்ற இரட்டையின் பாதை அப்படிச் சுமார் 48 ஆண்டில் ஒரு திரும்பல் முடிக்கும்.

அந்தப் பன்னிரண்டு மணி நேரம்

இப்போது கேஐசி 9832227க்குத் திரும்பலாம். மோல்னர் குழு கற்பனையில் மிதக்கவில்லை. 2008இல் வி1309 ஸ்கார்ப்பி என்ற விண்மீன் சிவப்பு நோவாவாக, அதாவது இரண்டு விண்மீன் கலந்து, வெடித்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வானைத் தொடர்ந்து படமெடுக்கும் ஓஜிஎல்இ திட்டம் எடுத்துவைத்த படங்களைப் பார்த்தபோது, அது 1.4 நாள் சுற்றுள்ள ஒட்டு இரட்டையாக இருந்ததும், சுற்றுக்காலம் மேலும் மேலும் வேகமாகக் குறைந்து வெடிப்பில் முடிந்ததும் தெரிந்தது. அதே வடிவக் குறைவு இன்னோர் இரட்டையில் தெரிந்தால் அதே முடிவு வரும் என்று எதிர்பார்ப்பது நியாயம். கெப்ளர் விண்கலம் துல்லியமாக எடுத்த ஆண்டுகள், அதன் பிறகு தரையிலிருந்து எடுத்தவை, பழையதாக 1999இலிருந்து ஒரு புள்ளி. எல்லாம் ஒரே வளைவில் உட்கார்ந்தன.

அந்த 1999 புள்ளியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த இரட்டையின் சுற்றுக்காலம் 0.458 நாள், அதாவது 10 மணி 59 நிமிடம். நேரம் 12 மணி தவறியிருந்தால் வரைபடத்தில் 12 மணிப் பிழையாகத் தெரியாது. ஒரு முழுச் சுற்று அதில் விழுங்கப்பட்டுவிடும். மிச்சம் ஒரு மணி நேரம். 12 மணி நேரப் பிழையாகத் தெரிந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், அந்த இடத்திலேயே தேடியிருப்பார்கள். ஒரு மணி நேரம் என்பது நம்பக்கூடிய அளவு. எதிர்பார்த்த பக்கமே விலகியிருந்தது, எதிர்பார்த்த அளவுக்கு விலகியிருந்தது. பிழை இயற்பியலின் உடையை உடுத்திக்கொண்டு வந்துவிட்டது.

அதைவிட முக்கியமானது அந்தப் புள்ளி இருந்த இடம். நீண்ட கழியின் நுனியில் விரல் வைத்தாலே கழி முழுவதும் திரும்பும். வளைவின் வடிவத்தைத் தீர்மானிப்பது கடைசி ஓரத்தில், தனியாக, பல ஆண்டு இடைவெளிக்கு அப்பால் நிற்கும் பழைய புள்ளி. கெப்ளரின் ஆயிரக்கணக்கான துல்லியப் புள்ளிகள் நடுவில் கூட்டமாக நின்றாலும் அவற்றுக்கு அந்த பலம் இல்லை. அதே சமயம் பழைய புள்ளியைத்தான் நாம் அச்சிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறோம். அசல் படத்தையோ பதிவேட்டையோ யாரும் மறுபடி திறப்பதில்லை. மிக அதிகக் கனம் தாங்கும் தூணை மிகக் குறைவாகத் தட்டிப் பார்க்கிறோம் என்பதுதான் இந்த நிகழ்வில் என்னை விடாமல் உறுத்துவது.

திருத்தம் வந்த விதமும் அழகானது. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர் க்வென்டின் சோசியாவும் அவர் குழுவும், கெப்ளருக்கு முன்னோட்டமாக லிக் வானாய்வகத்தில் நடந்த வல்கன் திட்டம் 2003இல் எடுத்திருந்த, யாரும் பயன்படுத்தாத தரவைத் தேடி எடுத்தார்கள். மோல்னரின் வளைவு 2003இல் எந்த நேரத்தில் கிரகணம் வர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியது. அந்த நேரத்தில் வரவில்லை. அதன் பிறகுதான் 1999 அளவீட்டை வெளியிட்ட 2004ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தோண்டி, 12 மணிப் பிழையைக் கண்டார்கள். மோல்னர் அதை உடனே ஒப்புக்கொண்டார். சோதித்துப் பார்க்க முடிகிற கணிப்பாக வெளியிட்டிருந்ததால்தான் அந்தச் சோதனையே நடந்தது. அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பன்னிரண்டு மணிப் பிழைகள் இந்தத் துறையில் தற்செயலாக வருவதில்லை, அவை பிறக்கும் இடங்கள் தெரிந்தவை. வானியலில் நாட்களை ஒரே தொடர் எண்ணாக எண்ணும் ஜூலியன் நாள் கிரீன்விச் நண்பகலில் தொடங்குகிறது. சுருக்கிய ஜூலியன் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது, அசல் எண்ணிலிருந்து 24,00,000.5ஐக் கழித்து வருவது. அந்தக் கடைசி அரையை மறந்தால் சரியாக 12 மணி. 1925க்கு முன் வானியலாளர்கள் தங்கள் நாளையே நண்பகலிலிருந்துதான் எண்ணினார்கள், அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் நள்ளிரவுக்கு மாறினார்கள். அதற்கு முந்தைய ஏடுகளைப் படிப்பவர் இதைக் கேட்காமல் விட்டால் அங்கேயும் 12 மணி. சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1863இல் யு ஸ்கார்ப்பி என்ற விண்மீனின் முதல் அறியப்பட்ட வெடிப்பைக் கண்டார். அதுவும் ஒன்று மற்றதைத் தின்னும் இரட்டைதான். அப்படிப்பட்ட பழைய சென்னைப் பதிவுகளைத் தொடுபவர் சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது, இன்றைய ஐந்தரை மணி அல்ல என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

தை மாதத்து லாம்டா டாரி

காவிரிப் படுகையிலிருந்து கேமராவால் நேரம் பார்க்க நான் முதலில் பரிந்துரைப்பது லாம்டா டாரி. ரோகிணி இருக்கும் ஆங்கில வி வடிவக் கூட்டத்தின் கூர்முனையிலிருந்து தென்மேற்கே, நீட்டிய கையின் மூன்று விரல் அகலத்துக்குச் சற்று அப்பால். நம் அட்சரேகை 11 பாகை, அதன் நடுவரை விலக்கம் (வானத்தின் அட்சரேகை) வடக்கே 12.5 பாகை, ஆகவே கிட்டத்தட்ட உச்சந்தலையைக் கடக்கும். பொலிவெண் 3.4இலிருந்து 3.9க்கு இறங்கும். கிரகணம் சுமார் 14 மணி நேரம் நீளும். சுற்றுக்காலம் 3.953 நாள் என்பதால் நான்கு நாளுக்கு ஒருமுறை 68 நிமிடம் முந்தி வரும். ஒரு கிரகணத்தின் நடு அதிகாலை 2 மணிக்கு அமைந்தால் அடுத்தவை 12:52, 11:44, 10:36, 9:28, 8:20, 7:12 என்று 24 நாளில் ஏழு முறை இரவில் கிடைக்கும். பிறகு பகலுக்குள் போய்விடும், ஏறத்தாழ 84 நாள் கழித்துத்தான் அதே இரவு நேரத்துக்குத் திரும்பும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு வரிசை போய்விட்டால் தையில் வருவதை விடக் கூடாது.

டிஎஸ்எல்ஆர் கேமரா, 50 மிமீ லென்ஸ், எஃப்/4, ஐஎஸ்ஓ 400, 5 விநாடி போதும். அந்த நேரத்தில் விண்மீன் நாலைந்து படப்புள்ளி (பிக்சல்) அளவு இழுபடும், பரவாயில்லை. குவியத்தைச் சற்று விலக்கி விண்மீனை எட்டு, பத்து படப்புள்ளி அகலத்துக்குப் பரப்ப வேண்டும். 14 பிட் கேமராவில் உச்ச அளவு 16,383. லாம்டாவும் ஒப்பு விண்மீன்களும் 10,000த்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும், தாண்டினால் அளவு பொய் சொல்லத் தொடங்கும். ரா கோப்பாக எடுத்துப் பச்சை நிறத்தை மட்டும் அளக்க வேண்டும். பத்துப் படத்தின் சராசரியை ஒரு புள்ளியாக எடுத்தால் காற்றின் துடிப்பு அடங்கி 0.02 பொலிவெண் அளவுக்குத் துல்லியம் வரும்.

இங்கே உள்ளூர்ப் பிழை ஒன்று காத்திருக்கிறது. வழக்கமாக ஒப்பிட எடுப்பது காமா டாரி, 3.65. அது லாம்டாவுக்குக் கிழக்கே ஐந்தாறு பாகை. நள்ளிரவுக்குப் பின் இரண்டும் மேற்கே சாயும்போது லாம்டா எப்போதும் தாழ்ந்து நிற்கும். நம் ஈரக்காற்றில், தலைக்கு நேர்மேலே உள்ள காற்று 0.3 பொலிவெண் விழுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 30 பாகை உயரத்தில் இந்த இடைவெளியே 0.08 வரை பொய்யான மங்கலைத் தரும். கிரகணத்தின் மொத்த ஆழமே 0.5தான். இரவு ஏறஏற இந்தப் பொய் மங்கல் கூடுவதால் வளைவு ஒரு பக்கம் சாய்ந்து, நடு நேரம் பிந்தியதாகத் தெரியும். மருந்து எளிது: மேற்கே இருக்கும் ஓமிக்ரான் டாரியையும், 3.6, சேர்த்து இரண்டு பக்கச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். ஆனாலும் லாம்டா நீலம், அவை இரண்டும் மஞ்சள். தாழ்ந்த வானத்தில் நீலம் முதலில் சாகும். 30 பாகைக்குக் கீழே எடுத்ததை விட்டுவிடுவதே நல்லது.

தைப் பனி லென்ஸில் படிந்தால் படத்தின் நடுவும் ஓரமும் வேறு வேறு அளவில் மங்கும், சராசரி எடுத்தாலும் அது போகாது. லென்ஸைச் சுற்றி 5 வாட் சூடேற்றும் பட்டை கட்ட வேண்டும். ஏழு மணி நேரத்துக்கு 35 வாட்-மணி ஆகும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் இருப்பதே 37தான், மின்னழுத்தம் மாற்றுவதில் ஒரு பங்கு போய்விடும், விடியுமுன் செத்துவிடும். 20,000 வேண்டும். அறுவடை நேரத்தில் இயந்திரத்தின் விளக்கு வயலில் அலையும்; அந்தத் திசையில் லென்ஸுக்கு ஒரு மூடாக்கு போட வேண்டும்.

நேரத்துக்கு வருவோம். கேமரா கடிகாரத்தை நம்ப வேண்டாம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கைபேசியில் ஜிபிஎஸ் நேரத்தைத் திரையில் காட்டி அதே கேமராவால் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். திருத்தம் அதிலிருந்து கிடைக்கும், சான்றும் கோப்போடு தங்கும். நமக்கு ஒரு வசதி இருக்கிறது: ஜூலியன் நாள் இந்திய நேரப்படி மாலை 5:30க்கு மாறுகிறது. ஆகவே ஓர் இரவு முழுவதும் ஒரே நாள் எண்ணுக்குள் அடங்கும், நள்ளிரவில் தேதி மாறும் தொல்லை இல்லை. 2026 பொங்கலன்று மாலை 5:30 என்பது 24,61,056.0. இரவு 9:50 என்றால் ஐந்தரையிலிருந்து 4 மணி 20 நிமிடம், 24ஆல் வகுத்தால் 0.1806. இரவு 11:30 கால், விடிகாலை 5:30 அரை. கணினி கொடுக்கும் எண் இந்த வாய்க்கணக்கோடு பொருந்தாவிட்டால் எங்கோ ஓர் அரை நாளோ ஐந்தரை மணியோ நுழைந்திருக்கிறது.

நடு நேரம் எடுக்க வரைதாளே போதும். இறங்கும் கிளையிலும் ஏறும் கிளையிலும் ஒரே பொலிவெண் வரும் நேரங்களைச் சேர்த்து நடுப்புள்ளி குறிக்க வேண்டும், ஐந்தாறு மட்டங்களில். நடுப்புள்ளிகள் செங்குத்தாக நின்றால் சராசரியே விடை. மேலே போகப்போக ஒரு பக்கம் சாய்ந்தால் வளைவு கெட்டிருக்கிறது. பனியா, உயரமா என்று முதலில் தேட வேண்டும். க்வீயும் வான் வோர்டனும் 1956இல் தந்த கணக்கு இதையே எண்களால் செய்கிறது, பிழையளவையும் தருகிறது. ஆனால் சாய்ந்த வளைவுக்கு அது தரும் பிழையளவு நம்பமுடியாத அளவுக்குச் சிறியதாக வரும். கண்ணால் ஒருமுறை பார்க்காமல் அந்த எண்ணை எழுதக் கூடாது.

கடைசியாகச் சூரியமையத் திருத்தம், நம் கடைமடைக் கணக்கு. பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீனுக்கு நாம் கிட்டேயும் தூரத்திலும் போகிறோம். லாம்டா டாரிக்கு இது நவம்பர் கடைசியில் 8.1 நிமிடம் கூட்ட வேண்டிய திருத்தம், பொங்கலன்று 4.7, பிப்ரவரி முடிவில் ஒரு நிமிடத்துக்கு மேல் கழிக்க வேண்டியது. திருத்தாமல் விட்டால் ஒரே பருவத்தில் சுற்றுக்கு 20 விநாடிக்கு மேல் காலம் கூடியதுபோல் தெரியும். உண்மையில் பொருள் கைமாறிக்கொண்டிருக்கும் பீட்டா லைரேயிலேயே கூடுவது சுற்றுக்கு 0.67 விநாடிதான். பல பருவம் திருத்தாமலே சேர்த்தால் ஓராண்டு அலை ஒன்று தோன்றும்; அந்த மூன்றாவது ஆள் நாம் நிற்கும் பூமி. இன்னொரு சின்னத் தடுமாற்றம்: சில பட்டியல்கள் கடிகார நேரத்திலும் சில சீரான இயக்க நேரத்திலும் இருக்கும். இன்று இரண்டுக்கும் 69 விநாடி வித்தியாசம். கலந்துவிட்டால் ஒரு நிமிடப் படிக்கட்டு முளைக்கும்.

பதிவேட்டில் இறுதி எண்ணை மட்டும் எழுதிவைப்பவர்கள் நிறைய. இந்திய நேரமா, உலக நேரமா, சூரியமையத் திருத்தம் செய்ததா இல்லையா, கேமராக் கடிகாரம் எத்தனை விநாடி தவறியது, எந்த ஒப்பு விண்மீன், இவை அந்த எண்ணின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ரா கோப்புகளையும், தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த அந்த இரண்டு கடிகாரப் படங்களையும் அழிக்காமல் வைக்க வேண்டும். இருபது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் வரைபடத்தின் ஓரத்தில் தனியாக நிற்கும் ஒரு புள்ளியைச் சந்தேகித்துத் திறக்கப்போவது அவற்றைத்தான்.